கடைசி தோசை யாருக்குங்க?

மதியம் ரெண்டு மணிக்கு நீங்க எங்கே இருப்பீங்க மக்களே? உண்மையைச் சொல்லுங்க. கடைசி பெஞ்சுல, நோட்டு மேல பேனாவை நிறுத்தி வெச்சுட்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்குற வித்தையைப் பழகிட்டு இருப்பீங்க. நானும் அந்தக் கட்சிதான். கோவையில ஒரு இன்ஜினீயரிங் காலேஜ், இ.சி.இ. மூணாவது வருஷம், கையில ஒரு அரியர். (வீட்டுல படிக்கிற பத்திரிகையில இதை எழுதக் கூடாதுன்னு தெரியும். எழுதிட்டேன், விடுங்க.)

நாம அங்கே கொட்டாவி விட்டுட்டு இருக்குற அதே நேரத்துல, ஊர்ல வேற ஒரு கூட்டம் படு சுறுசுறுப்பா இருக்கு. ‘சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்க அப்பளமா, உருளைக்கிழங்கா?’ன்னு போன் போட்டு வாதாடிட்டு இருக்கு. எஃப்.எம். ரேடியோவுல மதிய ஷோ!

எங்க வீட்டு அடுப்படியில உப்பு ஜாடிக்குப் பக்கத்துல ஒரு ரேடியோ உண்டு. ஆன்டெனா எப்பவோ ஒடிஞ்சு, அந்த ஓட்டையில ஒரு கம்பியைச் சொருகி வெச்சிருக்கோம். அம்மா சமைக்கும்போதும் அது பேசும், சமைச்சு முடிச்சு அம்மா உட்கார்ந்த பிறகும் பேசும். ஸ்டடி ஹாலிடேஸ் வந்தா எனக்கும் அதுக்கும் ஜென்மப் பகை. “ரேடியோ சத்தத்தைக் குறைம்மா!”ன்னு உள்ளே இருந்து கத்துவேன். குறையும். பத்து நிமிஷத்துல பூனை மாதிரி மெதுவா மறுபடி ஏறும்.

அந்த ரெண்டு மணி ஷோவை நான் கேன்டீன்ல மிமிக்ரி பண்றதுல கில்லாடி. “சொல்லுங்க அம்மிணி, உங்க வீட்டுல சட்னியா சாம்பாரா?”ன்னு குரலைக் குழைச்சு ஆரம்பிச்சா, ரெண்டு டேபிள் கைதட்டும். இவ்வளவு மொக்கையான விஷயத்துக்கு மனுஷங்க லைன் கிடைக்காம தவம் கிடக்கிறாங்களேன்னு ஒரு இளக்காரம். அந்த இளக்காரத்தோடயேதான் மாணவ நிருபரா இந்தப் பத்திரிகை ஆபீஸுக்கும் வந்தேன். ஒரு மீட்டிங்ல வாயைக் கொடுத்தேன். “இப்ப யாரு சார் ரேடியோ கேக்குறாங்க? அதுவும் மதியத்துல!”

ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கல. “அதைத்தான் நீ போய்ப் பார்த்து எழுதப் போறே. ஒரு வாரம். திங்கள்ல இருந்து.” செம பல்பு!

எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஷோ நடத்துறவங்களை ‘அக்கா’ன்னே வெச்சுக்குவோம். பதினைஞ்சு வருஷமா மைக் முன்னாடி உட்கார்ந்தவங்க. நான் ஓரமா உட்கார்ந்து குறிப்பெடுத்துட்டு, ரெண்டு டீ குடிச்சுட்டு வந்துடலாம்னுதான் போனேன். போன அன்னைக்கே சிக்கிட்டேன். போன் எடுக்குற அண்ணனுக்கு அம்மை போட்டிருச்சாம். அக்கா என் தலையில ஒரு ஹெட்செட்டை மாட்டிட்டாங்க. “இ.சி.இ.தானே? போன் எடுக்கத் தெரியும்ல?”

இந்த வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நேயர் கூப்பிட்டா நேரா ஆர்.ஜே.கிட்ட போறதில்ல. நடுவுல ஒரு ஆள் உண்டு. இந்த வாரம் அது நான். பேரு, ஊரு, ஒரு வரியில மேட்டரு. மூணையும் துண்டுச் சீட்டுல எழுதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டணும். அக்கா தலையாட்டினா லைன் உள்ளே போகும். ஆட்டலைன்னா, “ரொம்ப நன்றிங்க, அப்புறம் முயற்சி பண்ணுங்க”ன்னு வழியனுப்பணும். போன் குவியற நேரத்துல அக்கா சீட்டைக்கூடப் பார்க்க முடியாது. யாரு உள்ளே, யாரு வெளியேன்னு நானே முடிவு பண்ணிக்கணும். யோசிச்சுப் பாருங்க, ஒரு சப்ஜெக்ட்டை மூணு தடவை எழுதின பய, கோவையும் திருப்பூரும் இன்னைக்கு யார் குரலைக் கேக்கலாம்னு தீர்மானிக்கிறான்!

நீங்க லைவ்னு நினைச்சுட்டு இருக்குற போன்ல பாதிக்கு மேல லைவ் இல்லைங்கிறது முதல் நாள் அதிர்ச்சி. ஒரு பாட்டு ஓடுற நாலு நிமிஷத்துல அக்கா மூணு பேர்கிட்ட பேசிடுவாங்க. அது ரெக்கார்ட் ஆகும். பாட்டு முடியுறதுக்குள்ள ‘ஆ... வந்து... அதென்னங்க’ எல்லாத்தையும் நறுக்கிட்டு, அடுத்த இடைவெளியில ஓட விடுவாங்க. அவங்க விரல் போற வேகத்தைப் பார்த்தா நம்ம லேப் எக்ஸாம்ல ஒயரைத் தடவுறது ஞாபகம் வந்து வெட்கமா இருந்துச்சு.

ரெண்டாவது அதிர்ச்சி, அந்த வசனம். நீங்களும் ஆயிரம் தடவை கேட்டிருப்பீங்க. “முதல்ல உங்க ரேடியோ சத்தத்தைக் குறைங்க!” அது ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? லைவ்ல பேசும்போது நேயர் பக்கத்துல ரேடியோ அலறினா, அவர் குரல் ரேடியோவுல வந்து, அது போனுக்குள்ள போய், போன்ல இருந்து மறுபடி ரேடியோவுக்குன்னு சுத்திச் சுத்தி வளர்ந்து, கடைசியில ‘கீீீ’ன்னு காதைக் கிழிக்கும். ஆஸிலேட்டர் பாடத்துல பார்க்ஹாசன் விதின்னு ஒண்ணு வருமே, சுத்தி வர்ற சிக்னலோட பெருக்கம் ஒண்ணு, கட்டம் 360 டிகிரி... அதேதான்! ரெண்டு செமஸ்டரா என் மண்டையில ஏறாததை மேட்டுப்பாளையத்துப் பாட்டி ஒருத்தங்க ரெண்டு செகண்டுல காதுல ஏத்தினாங்க. ரெக்கார்டிங்கா இருந்தா வேற தொல்லை. பின்னாடி பாட்டு ஓடினா, நடுவுல ஒரு ‘ஆ’வை வெட்டினதும் பாட்டு ஒரு வரி தாவிடும். குட்டு வெளிப்பட்டுடும். திங்கள்கிழமை மட்டும் அந்த வசனத்தை நான் நாப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். வீட்டுல அம்மாகிட்ட கத்துற அதே வசனம். இங்கே மட்டும் ‘ங்க’ சேர்த்து.

போன்ல வர்ற குரல் ஏன் தகரடப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குன்னும் இங்கேதான் புரிஞ்சது. பழைய டெலிபோன் லைன் 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் விடும். எஃப்.எம். 15,000 வரைக்கும் தரும். அக்கா குரல்ல மூச்சுகூடக் கேக்கும். நேயர் குரல்ல மேல பாதியைக் காணோம். ஆனா ஒண்ணு, அந்த மிச்ச சொச்சக் குரலை வெச்சே அக்கா, “என்னங்க, சளியா? ரெண்டு நாளா பேசலையே”ன்னு கேட்டுடுறாங்க.

சரி, யாரு இவங்கல்லாம்? எனக்கும் அதான் கேள்வி. இஸ்திரிக் கடைக்காரர், பேக்கரியில நிக்கிறவர், ஆட்டோ ஸ்டாண்டு, நைட் டூட்டி முடிச்சுட்டுத் தூக்கம் வராத நர்ஸ், லேத் பட்டறையில சாப்பாட்டு நேரம், சமையலை முடிச்சு இப்பத்தான் உட்கார்ந்த வீட்டம்மாக்கள். ரெண்டு கையும் வேலையில இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அப்படிப்பட்ட ஜனங்க. நாம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்க ஒரு கையையும் ரெண்டு கண்ணையும் கொடுக்கணும். தைக்கிறவங்களுக்கும் தோசை சுடுறவங்களுக்கும் அது கட்டுப்படியாகாது.

செவ்வாய்க்கிழமை தலைப்பு ‘கல்யாணத்துல மொய்யைக் கவர்ல கொடுக்கறதா, நோட்டுல எழுதுறதா?’ பொள்ளாச்சிப் பக்கம் ஒருத்தர் பேசினார். “கவர்ல பேரு எழுத மறந்தவிய பதினாலு பேருங்க. யாருன்னு தெரியாம யாருக்கும் திருப்பிச் செய்யல. இப்ப அந்தப் பதினாலு பேரும் எங்கூடப் பேசறதில்லீங்க. பேசாததை வெச்சுத்தான் யாரு கவர் கொடுத்தாங்கன்னே கண்டுபிடிச்சேன்!” நான் சிரிச்சு ஹெட்செட்டைக் கீழே போட்டுட்டேன்.

இடைவேளையில அக்காகிட்ட கேட்டேன். “ஏன்க்கா, இவ்வளவு பேர் கேக்குறாங்க. கொஞ்சம் சீரியஸா, நாட்டு நடப்பு ஏதாவது பேசலாம்ல?”

“பேசக் கூடாதே தம்பி”ன்னாங்க.

எனக்கு இது சுத்தமா தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? 1999-ல தனியாருக்கு எஃப்.எம். கதவு திறந்த காலத்துலயே, செய்தியும் நாட்டு நடப்பும் உங்க வேலை இல்லைன்னு சொல்லித்தான் திறந்தாங்க. 2001-ல பெங்களூர்ல முதல் தனியார் எஃப்.எம். பாட ஆரம்பிச்சது. 2011-ல வந்த கொள்கையில, ஆகாசவாணி செய்தியை ஒரு வரிகூட மாத்தாம அப்படியே போட்டுக்கலாம்னாங்க. போக்குவரத்து, வானிலை, பரீட்சை ரிசல்ட் மாதிரி சங்கதிகள் செய்திக் கணக்குல வராது, சொல்லலாம். 2023-ல டிராய், மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி வாசிக்க விடலாம்னு சிபாரிசு பண்ணுச்சு. ஆக, மதிய ஷோவுல சட்னியும் மொய்யும் ஓடுறதுக்கு நேயர்களோட அறிவு காரணம் இல்லை. வேலிக்கு உள்ளே இருக்குற புல்லைத்தான் மேய முடியும்.

“ஊர் அரசியல் பேசக் கூடாது. வீட்டு அரசியலுக்குத் தடை இல்லை”ன்னு அக்கா கண்ணடிச்சாங்க. “மொய் நோட்டைவிடப் பெரிய அரசியல் எதுடா?”

நமக்கு வாதாடுறது புதுசும் இல்லை. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருது. தீபாவளி, பொங்கல்னா டி.வி.யில சாலமன் பாப்பையா தீர்ப்பு சொல்லி முடிச்சாத்தான் நமக்குச் சாப்பாடு இறங்கும். ஆனா மதிய ஷோவுல நடுவர் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. நாலு மணிக்கு ஷோ முடிஞ்சா முடிஞ்சதுதான். அப்பளமா உருளைக்கிழங்கான்னு கடைசி வரைக்கும் யாருமே சொல்லல. இன்ஜினீயரிங் மண்டைக்கு அது பெரிய உறுத்தல். விடை இல்லாத கணக்கை எதுக்குப் போடணும்?

அதனால நானே ஒரு முறை கண்டுபிடிச்சேன். துண்டுச் சீட்டோட ஓரத்துல ஒரு எழுத்து. சட்டுன்னு மேட்டருக்கு வர்றவங்க, குரல் கணீர்னு இருக்கிறவங்க, சிரிக்க வைக்கிறவங்களுக்கு ‘எஸ்’. அதாவது சிக்னல். இழுக்குறவங்க, திக்குறவங்க, சொந்தக் கதையில இறங்குறவங்களுக்கு ‘என்’. அதாவது நாய்ஸ். எஸ் உள்ளே, என் வெளியே. நம்ம பாடத்துல படிச்ச சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோவை வாழ்க்கையிலேயே முதல் தடவையா உபயோகப்படுத்தினேன்னு ஒரு பெருமை வேற. செவ்வாய் சாயங்காலமே நான் இந்த வேலைக்குன்னு பொறந்தவன்னு முடிவு பண்ணிட்டேன்.

புதன்கிழமை. தலைப்பு ‘வீட்டுல கடைசி தோசை யாருக்கு?’ லைன் ரெண்டும் அனல் பறக்குது. அப்பாவுக்குத்தான்னு ஒரு பொண்ணு. கடைசியா சாப்பிட உட்கார்ற அம்மாவுக்குத்தான்னு பத்து பேர். (பத்து பேரும் ஆம்பளைங்க, குரல்ல அப்படியொரு உருக்கம்.) திருப்பூர் பனியன் கம்பெனியில இருந்து ஒருத்தர், பின்னாடி ஓவர்லாக் மெஷின் சத்தம், தமிழ் இப்பத்தான் பழகுது, ஒடிசாக்காரர். “நம்ம ரூம்ல தோசை இல்ல சார், ரொட்டி. ஏழு ஆளு. கடைசி ரொட்டி, நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற ஆளுக்கு. மூடி வெச்சிடும்.” எஸ். உடனே உள்ளே. அக்கா அதை அன்னைக்கு ரெண்டு தடவை ஓட்டினாங்க.

ரெண்டே முக்கால் இருக்கும். அன்னூர்ல இருந்து ஒரு அம்மா. வீட்டுலேயே தையல் வேலையாம். நிதானமான குரல்.

“தனியா இருக்கிறவளுக்கு முதல் தோசையும் கடைசி தோசையும் ஒண்ணுதானுங்க தம்பி...”

அவ்வளவுதான். அப்புறம் சத்தமே இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு செகண்டு. ரேடியோவுல நாலு செகண்டு மௌனம்னா என்னன்னு மூணு நாள்ல கத்துக்கிட்டிருந்தேன். அடுத்த லைன் வேற கத்துது. எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. அழப் போறாங்களோ? அழுதா நான் என்ன சொல்லுவேன்? எங்க அம்மா வயசு இருக்கும். “சரிங்கம்மா, ரொம்ப நன்றிங்க”ன்னு சொல்லி வெச்சுட்டேன். சீட்டுல எழுதினேன்: அன்னூர், தையல், தனியாக இருக்கிறார். ஓரத்துல ‘என்’.

ஷோ முடிஞ்சதும் அக்கா சீட்டுக்கட்டை எடுத்துப் புரட்டினாங்க. தினமும் புரட்டுவாங்களாம், எனக்குத் தெரியாது. “இதென்ன ஓரத்துல எஸ்ஸு, என்னு?”

பெருமையா விளக்கினேன். சிரிப்பாங்கன்னு பார்த்தேன். அன்னூர் சீட்டை வெளியே உருவினாங்க.

“இவங்க என்ன சொன்னாங்க?”

சொன்னேன்.

“அப்புறம்?”

“நிறுத்திட்டாங்கக்கா.”

“அவங்க நிறுத்தினாங்களா, நீ நிறுத்தினியா?”

“சோகமா ஆரம்பிச்சாங்க... ஷோ மூடு கெட்டுடும்னு...”

“அழுதாங்களா?”

“இல்லை.”

“மிச்சத்தைக் கேக்காம அது நாய்ஸுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

என்கிட்ட பதில் இல்லை. அக்கா திட்டவும் இல்லை. சீட்டை அப்படியே மேஜையில வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல பாஸ். ஒரு ரூம், ஒரு தையல் மெஷின், ஒத்தை பல்பு, அதுக்குக் கீழே ஒரு அம்மான்னு மனசுல படமே ஓடுது. ‘நன்றிங்க’ன்னு என் குரல் வேற டைட்டில் மாதிரி வந்துட்டுப் போகுது. மறுநாள் காலையில போனதும், கால் லிஸ்ட்ல இருந்து நம்பரை எடுத்து என் மொபைல்ல இருந்தே கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கலாமான்னு அக்காகிட்ட கேட்டேன். அப்பத்தான் திட்டு விழுந்தது. “நேயர் நம்பர் நேயரோடது. உன் மொபைல்ல அது ஏறவே கூடாது. உன் மனசு சமாதானத்துக்கு அவங்க போனா?”

வியாழக்கிழமை ‘பஸ்ல கர்ச்சீப் போட்டா சீட்டு நம்மளுதா?’ நம்ம ஏரியா சப்ஜெக்ட், பின்னிப் பெடலெடுத்திருக்க வேண்டியது. ஐம்பத்தெட்டு போன் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஊர் பேரைத்தான் முதல்ல கேட்டேன். அன்னூர் வரவே இல்லை.

ஷோ நடுவுல அக்கா சும்மா ஒரு கதை சொன்னாங்க. அவங்க தாத்தா காலத்துல ரேடியோ வெச்சுக்கணும்னா தபால் ஆபீஸ்ல பணம் கட்டி லைசென்ஸ் வாங்கணுமாம். எண்பதுகள்லதான் அந்த வழக்கம் ஒழிஞ்சது. இலங்கை வானொலிக்குப் போஸ்ட் கார்டு எழுதிப் போட்டுட்டு, கே.எஸ்.ராஜாவோ அப்துல் ஹமீதோ நம்ம பேரைச் சொல்லுவாங்களான்னு வாரக்கணக்குல காத்துட்டு இருப்பாங்களாம். “பாட்டு அவங்க வீட்டுலயே இருந்திருக்கும்டா. பேரைச் சொல்றதுதான் அங்கே மேட்டரு”ன்னாங்க. எனக்கு எதுக்கு சொல்றாங்கன்னு புரிஞ்சது. புரியாத மாதிரி லைனைப் பார்த்துட்டு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு அக்கா ஸ்டேஷன் லைன்ல இருந்து அன்னூருக்கு டயல் பண்ணி ரிசீவரை என்கிட்ட நீட்டினாங்க. ரிங் போகுது. எனக்கு வைவா மாதிரி வயித்தைக் கலக்குது.

“வணக்கம்மா. நான் எஃப்.எம்.ல இருந்து... புதன்கிழமை...”

“அட, அந்த நன்றித் தம்பியா! ஏனுங் சாமி, வாயத் தொறக்கறதுக்குள்ள வெச்சுப்போட்டீங்க?”

குரல்ல சோகத்தைக் காணோம். கோபம்தான் இருந்தது. நல்ல, ஆரோக்கியமான கோபம்.

“இல்லீங்கம்மா, நீங்க சட்டுன்னு பேச்சை நிறுத்திட்டீங்க...”

“வாசல்ல ஜாக்கெட் வாங்க ஆளு வந்து நின்னுச்சு. ‘ஒரு நிமிசம் இரு அம்மிணி’ன்னு கையக் காட்டினேன். திரும்பி வர்றதுக்குள்ள நன்றின்னு சொல்லிப்போட்டீங்க. நாலு வருசமா டயல் பண்றேனுங்க தம்பி. அன்னிக்குத்தான் லைன் கெடச்சுது. பக்கத்து ஊட்டுல எல்லாம் சொல்லிப்போட்டேன். அவிய பாட்டுக்கு ரேடியோவப் போட்டுட்டு நாலு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க.”

நாலு மணி வரைக்கும். நான் மனசுல ஓட்டின படத்துல இந்த சீனே இல்லை.

“மன்னிச்சுக்கோங்கம்மா. தனியா இருக்கேன்னு சொன்னீங்களா... நீங்க வருத்தப்படுறீங்கன்னு நினைச்சுட்டேன்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “எதுக்கு வருத்தம்? தனியா இருந்தா மாவு கொஞ்சம் மிச்சமாவுது, புளிக்குது. அத்தத் தவுர ஒண்ணுமில்லீங்க. நான் சொல்ல வந்ததே வேற.”

“சொல்லுங்கம்மா”ன்னேன். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கையைக் காட்டினாங்க. நான் கேட்டேன். “நீங்க சொல்றதை ரெக்கார்டு பண்ணி இன்னைக்கு ஷோவுல போடலாங்களா?”

“அதுக்குத்தானுங்களே நாலு வருசம்! இருங், பக்கத்து ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றேன்.”

ஒன்றரை நிமிஷம் மௌனம். கோழி கூவுது, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுற சத்தம் தூரத்துல கேக்குது, செருப்புச் சத்தம் போகுது, வருது. நான் ரிசீவரை ரெண்டு கையால பிடிச்சுட்டு நின்னேன்.

“ம், வந்துட்டனுங்க. ரேடியோ சத்தத்தக் கொறச்சுட்டேன், நீங்க சொல்லவே வேண்டாம். கடைசி தோசை யாருக்குன்னா, அப்பனுக்கு, ஆத்தாளுக்கு, சின்னதுக்குன்னு ஆளாளுக்கு உருகுறாங்க. நான் கேக்குறேன், மாவ ஆட்டி வழிச்ச பொறகு அந்தக் கிரைண்டர் கல்லத் தூக்கி வெச்சுக் கழுவறது யாரு? இடுக்குல காஞ்ச மாவ நோண்டி எடுக்கறது யாரு? அந்தக் கை யாரோடதோ, அந்தக் கைக்குத்தான் கடைசி தோசை. ஊட்டுல ஒருத்தரு இருந்தாலும் சரி, ஒம்போது பேரு இருந்தாலும் சரி. நாயம் அவ்வளவுதானுங்க.”

அக்கா ஒரு ‘ஆ’வைக்கூட வெட்டல. வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்லை. ரெண்டு இருபதுக்கு ஓட்டினாங்க.

அதுக்கப்புறம் நடந்ததைப் பார்க்கணுமே! வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வெச்சிருக்குற ஊர் எங்க ஊர். அங்கே போய் கிரைண்டரை இழுத்தா சும்மா விடுவாங்களா? பீளமேட்டுல கிரைண்டர் கம்பெனியில வேலை செய்ற ஒருத்தர், “டில்டிங் மாடல்ல கல்லைத் தூக்கவே வேண்டாங்க, கவுத்தாப் போதும்”னு கம்பெனிக்காக வாதாடினார். “கவுத்தாலும் கழுவித்தானே ஆகணும்?”னு சிங்காநல்லூர் அம்மா ஒருத்தங்க அவரை மடக்கினாங்க. “பாக்கெட் மாவு வாங்குற வீட்டுல என்ன பண்றது?”ன்னு ஹாஸ்டல் பசங்க. “கவரை நறுக்குறவனுக்கு”ன்னு அக்கா. செவ்வாய்க்கிழமை மொய் கணக்குப் பார்த்துட்டு இருந்த பொள்ளாச்சிக்காரர் மறுபடி வந்து, “நான் கழுவறனுங்க, சத்தியமா, ஊட்டுக்காரிகிட்ட வேணா குடுக்கறேன்”னார். பின்னாடி ஒரு பொம்பளைக் குரல், “எப்ப?”ன்னு மட்டும் கேட்டுச்சு. அதோட லைன் கட்டாயிருச்சு. அவரா வெச்சாரு, நான் இல்லை!

அன்னைக்குச் சீட்டுகள்ல ஓரம் காலியாவே இருந்துச்சு. திக்கினவங்களும் வந்தாங்க, இழுத்தவங்களும் வந்தாங்க. ஒருத்தர் விஷயத்துக்கு வர்றதுக்குள்ள அவங்க எருமை கன்னு போட்ட கதை பூராத்தையும் கேட்டேன். அது உண்மையிலேயே நாய்ஸ்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டு முடிச்சுட்டுத்தான் சொல்றேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்தா, தோசை. அம்மா கல்லுக்கு முன்னாடி நிக்கிறாங்க. ரேடியோ மெதுவா பாடிட்டு இருக்கு. இந்த ஒரு வாரமா நான் போன் எடுக்குறது அம்மாவுக்குத் தெரியும். ஆனா என் குரல்தான் ரேடியோவுல வராதே. அதுல அவங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

“இன்னைக்கு அன்னூரம்மா பேசினதைக் கேட்டியாடா?”ன்னாங்க.

“நான்தாம்மா அந்தப் போனே பண்ணேன்!”

“ஓ”ன்னாங்க. அவ்வளவுதான். நான் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அப்பாவுக்கும் எனக்கும் மாறி மாறி விழுந்துச்சு. கடைசியா மாவுப் பாத்திரத்தை வழிச்சு ஒண்ணு ஊத்தினாங்க. கல்லு நல்லா காஞ்சிருந்துச்சு, ஓரமெல்லாம் செவந்து மொறுமொறுன்னு எழும்புது. வழக்கமா அது என் தட்டுலதான் விழும். இத்தனை வருஷமா அதை ஒரு தடவைகூட யோசிச்சதில்லை. தட்டைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தி வெச்சேன்.

அம்மா தோசையைத் திருப்பியில எடுத்து என்னைப் பார்த்தாங்க.

“கிரைண்டரை யாருடா கழுவுனா?”

அப்பா சட்டுன்னு தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டார். நான் ரேடியோவைப் பார்த்தேன். அம்மா ஒரு தட்டை எடுத்து, தோசையை அதுல போட்டு, கீழே உட்கார்ந்து, நிதானமா பிய்ச்சு சாப்பிட ஆரம்பிச்சாங்க. “சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை”ன்னாங்க.

கூட்டி வெச்சேன். என் தட்டுல சட்னி மட்டும் மிச்சம் இருந்துச்சு.